பதினான்காவது காகிதம்

விளாங்குடி, மதுரை
9 ஜூன் 2022

அன்புத் தங்கை முத்துமீனாவுக்கு அண்ணன் மலையாண்டி எழுதிக்கொண்டது.

இங்கே நான், உன் மதினி, முகேஷ் மூவரும் சௌக்கியம். என் சர்க்கரை மட்டும் என்னைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே சௌக்கியமாக இருக்கிறது. கோவைக் குளிர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா, மில் விடுதியில் இன்னும் வாரம் ஐந்து நாள் அதே புளிக்குழம்புதானா என்று எழுது.

போனில் நான் வாயைத் திறந்தால் உனக்குப் பேச இடமே கிடைப்பதில்லை, ஆகவே கடிதமாக எழுது என்று உத்தரவு போட்டுவிட்டாய். நல்லதுதான். இருபத்திரண்டு வருஷமாக வக்கீல் குமாஸ்தாவாக இருப்பவனுக்குக் காகிதம் கையில் இருந்தால்தான் மூளை ஓடும். காகிதம் இல்லாத நேரத்தில் ஓடுவது வாய் மட்டும்.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். முப்பத்தாறு வயதில் வக்கீலுக்குப் படிக்கப் போகிறாய். முழுநேரமா, பகுதிநேரமா, எது உண்டு, எது இல்லை என்று விசாரிக்கச் சொன்னாய். சட்டக் கல்லூரி வாசலில் போய் நின்றேன். "பிள்ளைக்காண்ணே?" என்றான் வாட்ச்மேன். தங்கச்சிக்கு என்றேன். "ஏன், நீங்களே சேர வேண்டியதுதான? கோர்ட்டுப் பக்கம் பார்த்த மூஞ்சியா இருக்கே" என்றான். நானும் சிரித்தேன், அவனும் சிரித்தான்.

உள்ளே இருந்த அம்மாள் விளக்கமாகச் சொன்னார். டிகிரி முடித்தவர்களுக்கு மூன்று வருஷம். பகல் வகுப்பு. முழுநேரம். வருகை நூற்றுக்கு எழுபது இருக்க வேண்டும். மாலை வகுப்பு ஒரு காலத்தில் இருந்ததாம். டிபன் பாக்சோடு வந்து அதில் படித்தவர்கள் எல்லாம் இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். தபாலில் படித்தால் சான்றிதழைச் சுவரில் மாட்டலாம், உடம்பில் கறுப்புக் கோட்டை மாட்ட முடியாது.

இந்த அம்மாள் சொல்லாத வழி ஒன்று இருக்கிறது. எங்கள் வக்கீல் சீதாராமன் ஐயரின் மகன் பத்ரி, மாநில எல்லைக்கு அப்பால் ஏதோ ஒரு கல்லூரியில் சட்டம் படிக்கிறான். பரீட்சைக்கு மட்டும் போனால் போதும். மற்ற நாளெல்லாம் கே.கே. நகர் ஜிம்மில்தான் வாசம். ஆனால் வருகைப் பதிவேட்டில் ஒரு நாள் தவறாமல் இருக்கிறான். "காலேஜ் எங்க தம்பி இருக்கு?" என்று ஒரு நாள் கேட்டேன். "அட்மிஷன் லெட்டரைப் பார்த்துதான் சொல்லணும், மலையாண்டி" என்றான். என் வயதில் பாதிகூட இல்லை. பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான். அதுவும் சௌக்கியம்தான், பெயர் மறக்காமல் இருக்கிறதே.

நீயும் அந்த வழியில் போ என்பது என் யோசனை. வேலையை விடாதே. காகிதத்தில் ஆள் இருந்தால் ஆள் இருந்ததாகத்தான் அர்த்தம். கோர்ட்டில் நான் கற்ற ஒரே சட்டம் அது.

வேலை மெனக்கெட்டுப் பதில் எழுது.

அன்புள்ள அண்ணன்,
மலையாண்டி


கோவை
21 ஜூன் 2022

அன்புள்ள அண்ணனுக்கு,

முத்துமீனா வணக்கம். உடம்புக்கு ஒன்றும் இல்லை. புளிக்குழம்பு வாரம் ஆறு நாளாகிவிட்டது. மதினிக்குக் கால் வலி எப்படி இருக்கிறது? முகேஷ் எட்டாவதில் என்ன வாங்கினான் என்பதை நீயும் எழுதவில்லை, அவனும் சொல்ல மாட்டேன் என்கிறான். அதனால் தெரிந்துகொண்டேன்.

பத்ரி வழி எனக்கு வேண்டாம். ஏன் என்று எழுதுகிறேன்.

என் விடுதியில் ஒரு பெண்ணுக்கு மிஷினில் இரண்டு விரல் போனது உனக்குத் தெரியும். அந்த வழக்குக்குப் பதினோரு தடவை அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். எட்டுத் தடவை எங்கள் வக்கீல் வரவில்லை. அவருடைய குமாஸ்தா உள்ளே போய் ஏதோ சொல்லிவிட்டு வருவார், தேதி தள்ளிப்போகும். ஒன்பதாவது தடவை நானே உள்ளே போய் நின்றேன். "நீங்க யாரும்மா?" என்று கேட்டார்கள். விடுதி வார்டன் என்றேன். வெளியே நிற்கச் சொன்னார்கள். அந்தப் பிள்ளை தன் கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு தனியாக நின்றது. அந்த இடத்தில் நிற்க எனக்கு உரிமை வேண்டும் அண்ணே. வராமலே வந்ததாக எழுதி அந்த உரிமையை வாங்கினால், அந்த எட்டு நாள் வராத வக்கீலுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

இங்கே கல்லூரியில் விண்ணப்பம் போட்டுவிட்டேன். மேனேஜர் பேச்சிமுத்து சாரிடம் பேசியாகிவிட்டது. பகல் பொறுப்பை இன்னொரு பெண் பார்த்துக்கொள்வாள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் எனக்கு வேலை. இனி நான் பகுதிநேர வார்டன் என்று மில் லெட்டர்பேடிலேயே எழுதி வாங்கிவிட்டேன். படிப்பு முழுநேரம், பிழைப்பு பாதி நேரம். நாளைக்கு யாரும் கேள்வி கேட்கக் கூடாது பார்.

உனக்கும் ஒரு தடவை சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்ததே அண்ணே, அப்போது ஏன் போகவில்லை? அம்மா இருந்தவரை கேட்கக் கூடாது என்பாள்.

மாத்திரையை மறக்காதே.

உன் தங்கை,
முத்துமீனா


விளாங்குடி
30 ஆகஸ்ட் 2022

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதியது. எல்லோரும் சுகம். முகேஷ் மார்க்கைப் பற்றிக் கேட்டால் அவன் சுகம் கெடும்.

இரண்டு மாதமாகப் பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. கோர்ட்டில் வேலை அம்புட்டு. உனக்கு இடம் கிடைத்ததாக மதினியிடம் போனில் சொன்னாயாம், அவள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். பால்காரர் பால்பாண்டி காலையில் வந்து, "அண்ணே, உங்க தங்கச்சி ஜட்ஜாமே?" என்றார். இன்னும் ஒரு வாரம் போனால் விளாங்குடியில் உனக்குச் சிலை வைத்துவிடுவார்கள்.

நீ போகும் வழி நேர்வழிதான். எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் வகுப்பில் பக்கத்தில் உட்காரும் பிள்ளைகள் உன்னை ஆன்ட்டி என்பார்கள். ராத்திரி விடுதி, பகல் கல்லூரி என்று அலைந்தால் மூன்று வருஷத்தில் நீ கோட்டுக்குள் இருப்பாயா, கோட்டு மட்டும் இருக்குமா என்பது என் சந்தேகம்.

மதினி ஒரு கேள்வி கேட்டாள். "ஏங்க, உங்க தங்கச்சி வக்கீலாகி மதுரை கோர்ட்டுக்கு வந்தா நீங்க எந்திரிச்சு நிக்கணுமாக்கும்?" நிற்கத்தான் வேண்டும் என்றேன். "கேஸ் கட்டையும் தூக்கணுமா?" என்றாள். தூக்கத்தான் வேண்டும். குடும்பத்துக் கட்டு, கனக்காது என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் கிளியே பறந்துவிட்டது. எங்கள் வீட்டில் கிளி கிடையாது, அவ்வளவு சிரித்தாள் என்பதற்காகச் சொல்கிறேன்.

அம்மா கேட்கக் கூடாது என்று சொன்னதைக் கேட்டிருக்கிறாய். பெரிய கதை ஒன்றும் இல்லை. இடம் கிடைத்தது. வக்கீலிடம் போய்ச் சொன்னேன். "நீ முழு நேரமும் படிக்கப் போயிட்டா என் கட்டை எவன்டா தூக்குவான்?" என்றார். நியாயமான கேள்வி. சேர வேண்டிய கடைசி நாளன்று திருப்பரங்குன்றத்தில் அவர் அக்கா வீட்டுக் கல்யாணத்துக்கு வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தேன். நன்றாகத்தான் கட்டினேன், இரண்டு நாள் சாயவில்லை.

படி. முடித்ததும் வக்கீல் பதிவுக்கு வேண்டிய காகித வேலை முழுக்க என் பொறுப்பு. அதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை.

அண்ணன்,
மலையாண்டி


கோவை
17 மார்ச் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் நலமா? நான் நலம் என்று எழுத ஆசைதான். டைபாய்டு வந்து எழுந்தேன். அந்த நாட்களிலும் இரண்டு நாள் வகுப்புக்குப் போனேன், டீச்சர் திட்டி அனுப்பிவிட்டார்.

இதற்கு முன் மூன்று கடிதம் எழுதினேன். பதில் இல்லை. மதினி போனில், "அவரு எழுத உக்காருறாரு, அப்புறம் பேனாவுக்கு மூடி போட்டுட்டு எந்திரிச்சுப் போயிடுறாரு" என்றாள். உனக்கு என்மேல் என்ன கோபம்?

இரண்டாம் வருஷம் முடியப் போகிறது. என் வருகை தொண்ணூற்றொன்று சதவீதம். பிள்ளைகள் ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுகிறார்கள், நீ சொன்னது சரி. ஆனால் பரீட்சைக்கு முதல் நாள் ஆன்ட்டி என்கிற எல்லாப் பிள்ளைகளும் என் நோட்டுக்குத்தான் வருகிறார்கள். விடுதி கேட்டில் வாட்ச்மேன் தவசி அண்ணன் நான் போகிற நேரம், வருகிற நேரம் எல்லாம் நோட்டில் குறிக்கிறார். "வக்கீலம்மா எட்டு அஞ்சுக்குப் போறாங்க" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதுகிறார். எனக்குக் கூச்சமாக இருக்கும். சந்தோஷமாகவும் இருக்கும்.

ஒரு வரியாவது எழுது.

முத்துமீனா


விளாங்குடி
28 ஜூலை 2025

வக்கீல் தங்கைக்கு அண்ணன் ஆசீர்வாதம்.

நீ தேறிவிட்டாய் என்று மதினி சொன்னாள். நான் கோர்ட் கேன்டீனில் ஆறு பேருக்கு வடை வாங்கிக் கொடுத்தேன். சர்க்கரை இருப்பதால் எனக்கு நானே இரண்டு வாங்கிக்கொண்டேன். உடம்பு தேறிவிட்டதா? முடி கொட்டியது வளர்ந்துவிட்டதா? கடிதம் போடாத குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன், தண்டனையை நீயே சொல்.

இங்கே ஊர்ப்பட்ட செய்தி. பத்ரி போன மாதமே வக்கீலாகப் பதிந்துவிட்டான். முதல் நாள் கோட்டு போட்டுக்கொண்டு வந்து வக்கீலின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். அந்த நாற்காலியில் மத்தியானம் நான் சாய்வது வழக்கம். "மலையாண்டி, வக்காலத்துன்னா என்ன கலர் பேப்பர்?" என்று கேட்டான். கேட்டவர் வக்கீல், பதில் சொன்னவன் குமாஸ்தா. அவன் பதிவுக் கட்டையும் நான்தான் தைத்தேன். பதினோரு காகிதம். கேட்டதுக்கு மேல் ஒன்று கிடையாது. ஒரு கேள்வி வரவில்லை.

நீ அனுப்பிய சான்றிதழ்கள், விண்ணப்பம் எல்லாம் வந்து சேர்ந்தன. அட்டவணை போட்டு, பக்க எண் போட்டு, நூல் கோத்து முந்தாநாள் விரைவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். உன்னுடையது பதினான்கு காகிதம். தங்கச்சி கட்டு, கொஞ்சம் கனமாகவே இருக்கட்டும் என்று பார்த்தேன்.

கூப்பிட்டு அனுப்புவார்கள். கோட்டுத் தைக்கக் கொடுத்துவிடு.

அண்ணன்,
மலையாண்டி


கோவை
19 செப்டம்பர் 2025

அண்ணனுக்கு,

வணக்கம். நான் நலம். நீங்கள் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

கோட்டு தைத்து வந்துவிட்டது. ஆணியில் தொங்குகிறது.

வக்கீல் பதிவுக் குழுவிலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. என் கட்டில் பதினான்காவதாக மில் லெட்டர்பேடில் ஒரு சான்று இருக்கிறதாம். நகல் வைத்திருக்கிறார்கள். அப்படியே எழுதுகிறேன்:

"மேற்படி முத்துமீனா என்பவர் மேற்படி விடுதியில் 2016ஆம் வருடம் முதல் இன்றுவரை இடைவிடாது முழுநேரமும் பணியாற்றி வருபவர் என்றும், ஒரு நாளும் விடுப்பு எடுத்தவரல்லர் என்றும், பகலிலும் இரவிலும் விடுதியை விட்டு அகலாதவர் என்றும், நன்னடத்தை உடையவர் என்றும் இதனால் சான்றளிக்கப்படுகிறது."

பகலிலும் விடுதியை விட்டு அகலாதவள் மூன்று வருஷம் வகுப்பில் எப்படி உட்கார்ந்தாள் என்று கேட்கிறார்கள். வருகைப் பதிவு விலைக்கு வாங்கியதா என்றும் கேட்கிறார்கள். நான் பகுதிநேர வார்டன் என்று வாங்கி வைத்த கடிதத்தைக் காட்டினேன். ஒரே லெட்டர்பேடில் இரண்டு விதமாக இருக்கிறது, எது பொய் என்று விளக்கச் சொல்லி நவம்பர் இருபதாம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை பதிவு கிடையாது.

இந்தக் காகிதத்தை நான் உனக்கு அனுப்பவில்லை. அது எப்படிக் கட்டுக்குள் வந்தது?

முத்துமீனா


விளாங்குடி
6 அக்டோபர் 2025

அன்புத் தங்கைக்கு,

இங்கே யாவரும் சுகம். மழை பிடித்துக்கொண்டது. முகேஷுக்குச் சளி. உனக்கும் சளி பிடிக்கும் உடம்பு, வெந்நீர் குடி.

உன் கடிதம் கிடைத்தது. இந்தக் குழு, ஆபீஸ் எல்லாம் இப்படித்தான். ஒரு காகிதம் குறைந்தால் ஏன் குறைந்தது என்பான், கூடினால் ஏன் கூடியது என்பான். ஒரு தடவை நான் ஒரு சொத்து வழக்கில் செத்துப்போன ஆளின் இறப்புச் சான்றை வைத்தேன். அவர் நேரில் வர வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். நான்கு மாதம் ஆனது அவர் செத்ததை நிரூபிக்க. எதற்குச் சொல்கிறேன் என்றால், பதறாதே.

மில் ஆபீசில் யாராவது நல்லதென்று நினைத்துச் சேர்த்திருக்கலாம். தபாலில் கலந்திருக்கலாம். எவ்வளவோ நடக்கிறது.

பத்ரி போன வாரம் முதல் வாய்தா வாங்கினான். வக்கீல் வீட்டில் கேசரி. எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது, சர்க்கரை கம்மி.

நவம்பருக்கு இன்னும் நாள் இருக்கிறது.

அண்ணன்


கோவை
15 அக்டோபர் 2025

அண்ணனுக்கு,

நான் நலமாக இல்லை. நீ நலமா என்று கேட்கவும் இன்று மனசு வரவில்லை, ஆனாலும் கேட்கிறேன்.

"என்றும்" என்று நான்கு தடவை வருகிற வாக்கியத்தை எங்கள் மில்லில் யாரும் எழுத மாட்டார்கள். படித்ததுமே எனக்குத் தெரிந்தது. நீ சொல்வாய் என்றுதான் கேள்வியாக எழுதினேன்.

நேற்று பேச்சிமுத்து சாரிடம் போனேன். "உங்கண்ணந்தான் டைப் பண்ணி அனுப்புனாரு மீனா. தங்கச்சிக்கு நல்ல சர்டிபிகேட் ஒண்ணு வேணும்னாரு. நல்லபடியாத்தான இருந்துச்சு, கையெழுத்துப் போட்டேன். இப்பப் படிக்காம போட்டேன்னு எழுதிக் குடுத்தா என் வேலை என்னாகுறது?" என்றார். அவரைக் குறை சொல்லி என்ன செய்ய? அவர் எதையும் படித்துக் கையெழுத்துப் போட்டவரில்லை. என் பகுதிநேரக் கடிதத்தையும் அப்படித்தான் போட்டிருப்பார்.

இப்போது வழி ஒன்றுதான் இருக்கிறது. அந்தச் சான்றின் வாசகத்தை நான்தான் எழுதினேன், அதில் உள்ளது உண்மையல்ல என்று நீ ஒரு சத்தியப் பிரமாணப் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். நவம்பர் இருபதுக்குள். அது போதும் என்று என் பேராசிரியர் சொல்கிறார். கல்லூரிப் பதிவேடு இருக்கிறது, தவசி அண்ணனின் கேட் நோட்டு இருக்கிறது. அந்தக் காகிதம் எங்கிருந்து வந்தது என்பது மட்டும்தான் இல்லை.

இன்னொரு கேள்வி. பத்ரி கட்டில் பதினோரு காகிதம், கேட்டதுக்கு மேல் ஒன்று கிடையாது என்று நீயே எழுதியிருந்தாய். ஒரு நாளும் வகுப்புக்குப் போகாதவனுக்கு எது வைக்கக் கூடாது என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. ஜுரத்தோடும் வகுப்புக்குப் போன எனக்கு எது வைக்கக் கூடாது என்பது மட்டும் ஏன் உனக்குத் தெரியாமல் போனது? தவறிச் செய்தாயா, தெரிந்து செய்தாயா?

முத்துமீனா


விளாங்குடி
14 நவம்பர் 2025

அன்புத் தங்கை முத்துமீனாவுக்கு,

உன் உடம்பை நினைத்துக் கவலையாக இருக்கிறது. இங்கே மதினிக்கு நான் இருக்கிறேன், எனக்கு மதினி இருக்கிறாள். உனக்கு அங்கே யார் இருக்கிறார்கள் என்று நேற்றுதான் யோசித்தேன். நாற்பத்தெட்டு வயதில் யோசிக்க வேண்டிய யோசனையா இது?

ஆமாம். நான்தான் எழுதினேன். நல்ல வார்த்தையாகப் போட வேண்டும் என்றுதான் போட்டேன். இருபத்தைந்து வருஷமாக ஜாமீன் மனுவில் கொலைகாரனைக்கூட எறும்புக்கும் தீங்கு நினையாதவன் என்று எழுதிய கை. தங்கச்சிக்கு எழுதும்போது அளவு தெரியவில்லை. கட்டு தடிமனாக இருந்தால் பார்க்கிறவன் பயப்படுவான் என்பது எங்கள் தொழிலில் ஒரு நம்பிக்கை. என் மூளை அம்புட்டுத்தான்.

நீ கேட்ட பத்திரத்தை டைப் அடித்துவிட்டேன். அழகாக வந்திருக்கிறது. நீ வக்கீலாக எழுதினாலும் இப்படி வராது. கையெழுத்துப் போடும் முன் வக்கீலிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று போனேன். அங்கேதான் தப்பு செய்தேன்.

"நீ எழுதிக் குடுத்தா என் ஆபீஸ் பேரு வரும்டா. குமாஸ்தாவே சர்டிபிகேட் தயார் பண்றானான்னு கேப்பா. அப்புறம் நீ வேற எவனுக்கெல்லாம் கட்டு தச்சேன்னு தோண்டுவா. பத்ரியோட ஃபைல் வெளியில வரும். உன் தங்கைக்காக என் பிள்ளை தெருவுல நிக்கணுமா? கையெழுத்துப் போடு, தாராளமாப் போடு. ஆனா நாளைலேர்ந்து இங்க வரப்படாது" என்றார். பத்ரி பக்கத்தில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தான். "ஏன் மலையாண்டி, உனக்கு வேண்டாத வேலை" என்றான்.

முகேஷ் இந்த வருஷம் பன்னிரண்டாவது. எனக்கு வேறு ஆபீசில் இந்த வயதில் இடம் கிடையாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் கட்டு தைப்பது.

சான்றை டைப் அடித்த அன்று சனிக்கிழமை. ஆபீசில் யாரும் இல்லை. உன் டிகிரிச் சான்று மேசைமேல் இருந்தது. உன் பெயர், அப்பா பெயர், நம் ஊர் பெயர் எல்லாம் அச்சில். களத்துமேட்டில் கூலிக்கு நின்றவர் பெயர் அப்படி அச்சில் வந்து நான் பார்த்ததில்லை. அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகுதான் டைப் அடிக்க உட்கார்ந்தேன்.

முகேஷுக்குச் சளி விட்டுவிட்டது. இப்போது எனக்குப் பிடித்திருக்கிறது.

பத்திரத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். எல்லாம் சரியாக இருக்கிறது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

அண்ணன்


கோவை
8 ஜனவரி 2026

திரு. மலையாண்டி அவர்களுக்கு,

சர்க்கரையைக் கவனித்துக்கொள்ளவும். மதினியைக் காலுக்கு வைத்தியம் பார்க்கச் சொல்லவும். முகேஷை நன்றாக எழுதச் சொல்லவும். இதையெல்லாம் முதலிலேயே எழுதிவிடுகிறேன், கடைசியில் எழுத முடியாது.

உங்கள் கவரை மூன்று தடவை உதறிப் பார்த்தேன். கையெழுத்துப் போட்ட பிரதி உள்ளே எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும் என்று நினைத்தேன்.

நவம்பர் இருபதாம் தேதி குழுவின் முன்னால் நின்றேன். கல்லூரிப் பதிவேட்டை ஒரு பக்கமும் கேட் நோட்டை ஒரு பக்கமும் வைத்துத் தேதி தேதியாகப் பார்த்தார்கள். ஒரு நாள்கூட முரண்படவில்லை. "அப்ப இந்தச் சர்டிபிகேட்டை யாருமா தயார் பண்ணது?" என்று கேட்டார்கள். சத்தியப் பிரமாணமாக எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள்.

உங்கள் பெயரை எழுதியிருந்தால் ஐந்து நிமிஷத்தில் முடிந்திருக்கும். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுதினேன்: 'மேற்படி சான்றைத் தயாரித்தவர் மதுரையைச் சேர்ந்த ஒரு குமாஸ்தா. அவர் பெயர் எனக்குத் தெரியாது. அவருக்கும் எனக்கும் உறவோ பழக்கமோ இல்லை. அதில் உள்ளது உண்மையல்ல.' கையெழுத்துப் போட்டேன். அவர்கள் நம்பினார்கள்.

டிசம்பர் பத்தொன்பதாம் தேதி பதிவு முடிந்தது. மூன்று வருஷம் ஒரு நாள்கூட வராமல் வந்ததாக எழுதவில்லை. சட்டத்தின் முன்னால் நான் எழுதிக் கொடுத்த முதல் பொய் இதுதான்.

இது பொய்யாகவே இருந்துவிடக் கூடாது. தவறிச் செய்ததா, தெரிந்து செய்ததா என்று நான் கேட்ட இரண்டாவது கேள்விக்கு இனிப் பதில் தேவையில்லை. இந்தக் கடிதத்துக்கும் பதில் எழுத வேண்டாம். எழுதினால் உறவு உண்டு என்பதற்கு அதுவே ஆவணமாகிவிடும்.

முத்துமீனா
வழக்கறிஞர்